இறுதியாண்டுச் செயற்றிட்டம் யாருடையது?

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் கணினியியலும் இலத்திரனியற் பொறியியலும் பயிலும் இறுதியாண்டு மாணவர்கள் தமது செயற்றிட்ட அறிக்கைகளைக் கையளிக்கும் பருவம் இது. புலம்பெயர்ந்த எமது குடும்பங்களில் இவ்விரு துறைகளில் ஒன்றில் ஒரு பிள்ளையாவது படித்துக்கொண்டிருப்பது இன்று வழமையாகிவிட்டது. பட்டமளிப்பு விழாப் படம் வீட்டுச் சுவரை அலங்கரிக்கின்றது. உறவினருக்கெல்லாம் தொலைபேசியிற் செய்தி பறக்கின்றது. ஆயினும் அந்தப் பட்டத்தின் இறுதியாண்டிற் பிள்ளை உண்மையிலேயே எதைச் செய்து முடித்தது என்பதை அறிந்த பெற்றோர் மிகச் சிலரே. "ஏதோ புறொஜெக்ட் ஒன்று செய்கிறானாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த அறியாமை நிலவும் இடத்திற்றான் ஒரு வியாபாரம் புகுந்திருக்கிறது. அதனாலேயே இன்று இதுபற்றி எழுத வேண்டியுள்ளது.

செயற்றிட்டம் என்பது பல பாடங்களுள் ஒரு பாடம் என்று கருதுவோர் உளர். அது அவ்வாறன்று. பிரித்தானியாவில் ஒரு கல்வியாண்டு 120 புள்ளியலகுகளைக் கொண்டது. இறுதியாண்டிற் செயற்றிட்டத்துக்கு மாத்திரம் பெரும்பாலான இடங்களில் 30 அல்லது 40 அலகுகள் ஒதுக்கப்படுகின்றன. கணினிப் பட்டங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் பிரித்தானியக் கணினிக் கழகம், மாணவர் இதிற் சித்தியெய்தியே ஆகவேண்டும் என்றும், ஏனைய பாடங்களின் புள்ளிகளைக் கொண்டு இதனை ஈடுசெய்ய இயலாது என்றும் விதித்திருக்கிறது. ஏனைய பாடங்களில் விரிவுரையாளர் கேள்வியைத் தருகிறார், மாணவர் விடையைத் தருகிறார். செயற்றிட்டத்திலோ கேள்வியையும் மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். மூன்று அல்லது நான்கு ஆண்டுப் படிப்பில் மாணவர் தாமாக ஒன்றைத் தொடங்கி, இடையில் தோற்று, திருத்தி, முடித்துக்காட்டும் இடம் இது ஒன்றே.

ஓர் அலகுக்கு 10 மணித்தியால உழைப்பு என்பது இங்குள்ள கணக்கு. ஆகவே 40 அலகுச் செயற்றிட்டம் ஒன்று 400 மணித்தியாலங்களைக் கேட்கிறது. கற்பித்தல் நடைபெறும் ஏறத்தாழ 24 வாரங்களுக்கு அதனைப் பகிர்ந்தால், வாரமொன்றுக்கு 16 மணித்தியாலத்துக்கு மேல் வரும். இந்த மணித்தியாலங்கள் எமது பிள்ளைகளிடம் உண்டா? சனி, ஞாயிறுகளிற் பெற்றோல் நிலையத்திலோ கடையிலோ இரவு வேலை. வாரநாளில் ஒருநாள் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்று மொழிபெயர்க்க வேண்டும். இன்னொருநாள் மாமாவின் வழக்குக்காகச் சட்டத்தரணியின் அலுவலகத்தில் அமர்ந்திருக்க வேண்டும். உள்துறை அமைச்சிலிருந்து வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வதும், வங்கிக்கும் நகரசபைக்கும் தொலைபேசியிற் பேசுவதும் அதே பிள்ளைதான். தம்பியின் பாடசாலைக் கூட்டத்துக்குச் செல்வதும் பெரும்பாலும் அக்காவே. இவற்றை யாரும் வேலையென்று எண்ணுவதில்லை. பிள்ளை வீட்டிற்றானே இருக்கிறது என்று எண்ணுகிறார்கள். பின்னர் மார்ச் மாதம் வருகிறது. கையளிக்க இன்னும் ஆறு வாரங்கள். கையில் ஒன்றுமில்லை.

வியாபாரிகள் காத்திருப்பது அந்த மாதத்துக்காகவே. தமிழ்நாட்டில் 'புராஜெக்ட் சென்டர்' என்ற பெயர்ப்பலகையின் கீழ் இது நெடுநாளாகவே பகிரங்கமாக நடந்துவருகிறது. தலைப்புக்களின் பட்டியல் ஒன்றைக் காட்டுகிறார்கள். மாணவர் ஒன்றைத் தெரிவுசெய்கிறார். சுற்றும் நிரலும் அறிக்கையும் ஒரே பொதியாகக் கிடைக்கின்றன. வாய்மொழித் தேர்வில் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் கூடவே சொல்லிக் கொடுப்பதுண்டு. ஒரே செயற்றிட்டம் பல கல்லூரிகளிற் பல பெயர்களில் உலாவருகிறது. அங்குள்ள தமது உறவினர் மூலம் இத்தகைய பொதிகளைத் தருவித்துக்கொள்ளும் குடும்பங்கள் இங்கு உண்டென்று அறிகிறோம். வேறு சிலர் இங்கேயே வலைத்தளங்களில் ஆள்பிடிக்கிறார்கள். இங்கிலாந்தில் மாணவரின் மதிப்பீட்டு வேலையைப் பணத்துக்குச் செய்து கொடுப்பதையும் அதற்கு விளம்பரம் செய்வதையும் 2022 ஆம் ஆண்டின் சட்டமொன்று குற்றமாக்கியிருக்கிறது. வாங்கும் மாணவர் இச்சட்டத்தின் கீழ்க் குற்றவாளி ஆவதில்லை. ஆனாற் பல்கலைக்கழகத்தின் ஒழுக்காற்று விசாரணை அவருக்குக் காத்திருக்கிறது. மாணவர் விசாவில் வந்தவர் நீக்கப்பட்டால் அச்செய்தி குடிவரவு அதிகாரிகளுக்கும் அறிவிக்கப்படும். விற்றவரே பின்னர் 'பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிவிடுவோம்' என்று மிரட்டிப் பணம் பறிப்பதும் நடந்திருக்கிறது.

அகப்படுவதைப் பற்றி மாத்திரம் பேசுவது எமது நோக்கமன்று. அகப்படாதவரின் நிலை அதைவிட மோசமானது என்பதே எமது கருத்து. இதனை விளக்க ஒரு சிறு அனுபவத்தைக் கூற வேண்டும்.

நாம் நாட்டை விட்டு வெளியேறுவதற்கு முன்னர் விரிவுரையாளராக இருந்த காலத்தில் எண்பத்தொன்பது வீத வருகைப் பதிவும் நல்ல பெறுபேறுகளும் கொண்ட மாணவர் ஒருவர் வாய்மொழித் தேர்வுக்கு வந்தார். நீர்த்தாங்கியின் மட்டத்தை அளந்து கணினிக்கு அனுப்பும் கருவி. 8051 என்னும் நுண்கட்டுப்படுத்தியைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. நேர்த்தியான வேலை. மின்சுற்று வரைபடத்தில் அந்தச் சில்லுக்குத் துடிப்பு வழங்கும் பளிங்கின் அருகே 11.0592 மெகாஹேர்ட்ஸ் என்று எழுதப்பட்டிருந்தது. ஏன் இந்த விநோதமான எண், நேராக 12 என்று போட்டால் என்ன என்று கேட்டோம். மாணவர் எம்மைப் பார்த்தார். பின்னர் வரைபடத்தைப் பார்த்தார். பின்னர் தரையைப் பார்த்தார்.

விடை மிக எளிது. அந்தச் சில்லு பளிங்கின் துடிப்பை முதலில் 12 ஆலும் பின்னர் 32 ஆலும் வகுத்தே தொடர்நிலைத் தொடர்பாடலின் வேகத்தை உருவாக்குகிறது. 11.0592 ஐ அவ்வாறு வகுத்தால் 28,800 வரும். அதனை 3 ஆல் வகுக்க மிச்சமின்றி 9,600 கிடைக்கும். கணினி எதிர்பார்ப்பதும் அதே வேகம். 12 மெகாஹேர்ட்ஸை அவ்வாறே வகுத்தால் 10,416 என்று நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட பிழையுடன் நிற்கும். மறுமுனையிலுள்ள கணினி எழுத்துக்களைக் குழப்பமாகவே வாசிக்கும். தானே கட்டிய மாணவர் ஒருவர் கையிலிருந்த 12 மெகாஹேர்ட்ஸ் பளிங்கைப் போட்டு, திரையிற் குப்பையாக எழுத்துக்கள் வருவதைக் கண்டு, இரண்டு இரவுகள் தலையைப் பிய்த்துக்கொண்டு, பின்னர் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்திருப்பார். வாழ்நாளில் அதனை மறக்கவும் மாட்டார். எம்முன் நின்றவர் அந்த இரண்டு இரவுகளைப் பணம் கொடுத்து வேறொருவருக்கு விற்றுவிட்டார். அவர் வாங்கினார் என்று நாம் சொல்வதுண்டு. கொடுத்ததே அதிகம்.

இந்நாட்டிற் பிறந்து வளர்ந்த, மூன்று தலைமுறையாக இங்கே வேரூன்றிய குடும்பத்துப் பிள்ளைக்கு இது ஒரு நட்டம். அகதிக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது பெருநட்டம். ஏனெனில் முதல் வேலை என்பது இங்கும் பெருமளவுக்குத் தெரிந்தவர் மூலமே கிடைக்கிறது. தந்தையின் நண்பர், பாடசாலைத் தோழரின் அண்ணர், கோடைகாலத்திற் சம்பளமின்றி நின்ற அலுவலகம் என்று அவர்களுக்கு வழிகள் உண்டு. எமது பிள்ளைகளுக்கு உள்ள உறவினர் பெரும்பாலும் கடை முதலாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், உணவகச் சமையற்காரர். அவர்கள் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இலத்திரனியல் நிறுவனமொன்றின் கதவை அவர்கள் திறந்துவிட இயலாது.

புகலிடக் கோரிக்கை முடிவாகாத மாணவரின் நிலை இன்னும் கடினம். அகதி அந்தஸ்துப் பெற்றவர் உள்நாட்டு மாணவருக்குரிய கட்டணத்தையும் கடனுதவியையும் பெறலாம். முடிவுக்குக் காத்திருப்பவர் பொதுவாக வெளிநாட்டு மாணவரின் கட்டணத்தையே எதிர்கொள்கிறார். கடனுதவியும் இல்லை. 'சரணாலயப் பல்கலைக்கழகம்' என்ற திட்டத்திற் சேர்ந்துள்ள சில நிறுவனங்களின் புலமைப்பரிசில்களே வழி. வேலை செய்வதற்கும் அனுமதியில்லை. கோரிக்கை 12 மாதங்களுக்கு மேல் இழுபட்டு, அந்தத் தாமதத்துக்கு அவர் காரணமாக இல்லாதவிடத்து மாத்திரமே அனுமதி கேட்கலாம், அதுவும் குறிப்பிட்ட பட்டியலிலுள்ள தொழில்களுக்கே. இதன் விளைவாக, சக மாணவர்கள் ஓராண்டு நிறுவனமொன்றிற் பயிற்சி பெற்று வருகையில் இவர் வரவேற்பறையிலிருந்து திரும்புகிறார். நிறுவனமொன்றுடன் சேர்ந்து செய்யும் செயற்றிட்டங்கூடச் சில வேளைகளில் 'வேலை' என்று கொள்ளப்படலாம் என்பதால், இத்தகைய மாணவர்கள் கையொப்பமிடுவதற்கு முன்னர் சட்டத்தரணியிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். இவருக்கு அனுபவச் சான்றிதழ் இல்லை, சிபாரிசு செய்ய ஆளில்லை, சில வேளைகளில் ஊரிற் பெற்ற சான்றிதழ்களும் இல்லை. நேர்முகத்தில் மேசைமீது வைத்து 'இதனை நானே செய்தேன், எங்கு வேண்டுமாயினும் தொட்டுக் கேளுங்கள்' என்று கூறக்கூடியது அந்த ஒரு செயற்றிட்டமே. அதனை அந்நியன் ஒருவனின் கையாற் செய்விப்பதா?

மாணவச் செயற்றிட்டம் விளையாட்டுப் பொருள் என்று எண்ணும் பெற்றோருக்கு ஒரு சிறு பலகையின் கதையைக் கூறலாம். ஆர்டுயினோ என்ற நீலநிறப் பலகை இன்று உலகெங்கும் இலத்திரனியல் மாணவரின் மேசையிற் கிடக்கிறது. பல ஆண்டுகளாக விற்பனையாகிவந்த அதன் 'ஊனோ' என்ற வகையின் நடுவே அமர்ந்திருப்பது ஏ.வி.ஆர். இனத்தைச் சேர்ந்த சில்லு. அச்சில்லின் அமைப்பைச் சிந்தித்தவர்கள் நோர்வேயின் துரொண்ட்ஹைம் நகரிலிருந்த தொழில்நுட்பக் கழகத்தின் இரு மாணவர்கள், ஆல்ஃப்-ஏகில் போகனும் வேகார்ட் வொல்லானும். 1990 களின் தொடக்கத்தில் அவர்கள் வரைந்த அமைப்பை அமெரிக்காவின் அட்மெல் நிறுவனம் வாங்கி அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னர் மாணவர் பயன்படுத்திய பல சில்லுகளில் நிரலை மாற்ற வேண்டுமாயின் சில்லைக் கழற்றி, புறஊதா விளக்கின் கீழ்ப் பல நிமிடங்கள் வைத்து, பழையதை அழித்த பின்னரே புதியதை எழுத வேண்டும். ஏ.வி.ஆர். சில்லிலோ மின்சாரத்தாலேயே அழித்துச் சில நொடிகளில் மீண்டும் எழுதலாம். ஒரு நாளில் ஐந்து தடவை தோற்கக்கூடியவன் ஐம்பது தடவை தோற்கலாம். கற்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வடநோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் எமது மக்கள் குளிரில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அதே நாட்டிற் பிறந்த சில்லு அது. அம்மக்களின் பிள்ளைகள் இன்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் படிக்கிறார்கள்.

பலகையின் மறுபாதி இத்தாலியின் இவ்ரேயாவிலிருந்து வந்தது. தட்டச்சுப் பொறி பழகிய எம்போன்றோர் மறவாத ஒலிவெட்டி நிறுவனத்தின் ஊர் அது. அங்கிருந்த வடிவமைப்புக் கல்லூரியிற் படிக்கச் சென்ற ஹெர்னாண்டோ பராகான் என்ற கொலம்பிய நாட்டு மாணவர், இலத்திரனியல் கற்காத ஓவியரும் வடிவமைப்பாளருங்கூட நுண்கட்டுப்படுத்தியை இயக்கக்கூடிய ஒரு முறையைத் தமது முதுமாணிச் செயற்றிட்டமாக 2003 இல் தொடங்கி 2004 இல் முடித்தார். 'வயரிங்' என்று அதற்குப் பெயரிட்டார். ஒரு முனையை உள்ளீடாக்கு, ஒரு முனையை உயிர்ப்பி என்று இன்று பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் எளிய கட்டளைகள் அந்தச் செயற்றிட்டத்திலிருந்தே வந்தவை. 2005 இல் அவருடைய மேற்பார்வையாளர்களுள் ஒருவரும் வேறு சிலரும் அதனை அடியாகக் கொண்டு, மலிவான சில்லொன்றைப் பயன்படுத்தி ஆர்டுயினோவை உருவாக்கினர். வயரிங் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டிருந்தமையால் அதிற் சட்டப்பிழை எதுவுமில்லை. ஆனால் ஆர்டுயினோவின் பெயர் உலகறிந்ததாயிற்று. பராகானின் பெயரை அறிந்தோர் சிலரே. தமது பங்கு உரியவாறு சொல்லப்படவில்லை என்று அவரே பின்னர் விரிவாக எழுதினார்.

இக்கதையில் எமது மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிரித்தானியாவிற் பட்டப்படிப்பு மாணவர் ஒருவர் தாமே ஆக்கியவற்றின் உரிமை பொதுவாக அவருக்கே உரியது, வேறு உடன்படிக்கையிற் கையொப்பமிட்டிருந்தாலன்றி. அந்த உடன்படிக்கையைப் பெரும்பாலானோர் வாசிப்பதேயில்லை. நிறுவனமொன்று பணமோ கருவியோ கொடுத்து நடத்தும் செயற்றிட்டங்களில் உரிமை நிறுவனத்துக்குப் போகலாம். வேலைநாட்குறிப்பில் ஒவ்வொரு நாளும் செய்ததைத் திகதியிட்டு எழுதிவைக்கும் பழக்கம் இங்கு உதவும். வாய்மொழித் தேர்விலும் அதுவே கைகொடுக்கும்.

தலைப்பைத் தெரிவுசெய்வதிற் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். முகத்தை அடையாளங்காணும் கதவு, பேசினால் எரியும் விளக்கு என்று பத்தாண்டுகளாகச் சுற்றிவரும் தலைப்புக்களையே மீண்டும் மீண்டும் காண்கிறோம். மறுபுறத்தில், எமது சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற நல்லெண்ணத்துடன் சிலர் புகலிடக் கோரிக்கையாளருக்கான செயலி ஒன்றை உருவாக்க முனைகிறார்கள். அந்த எண்ணத்தை மதிக்கிறோம். ஆனால் அஞ்சுகிறோம். வழக்கு எண், வந்த வழி, ஊரிலுள்ள குடும்பத்தவர் பெயர் என்பனவற்றை ஒரு மாணவரின் மடிக்கணினியிற் சேர்த்துவைப்பது விளையாட்டன்று. அந்தக் கணினி புகையிரதத்திற் களவுபோனால் என்ன நடக்கும்? மனிதரிடம் தகவல் திரட்டும் எந்தச் செயற்றிட்டத்துக்கும் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழுவின் அனுமதியை முன்னதாகவே பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதனை வெறும் படிவம் என்று எண்ணற்க. இத்தகைய செயலியைக் கற்பனைப் பெயர்களையும் கற்பனை வழக்குகளையும் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். அம்மாவின் உண்மைக் கோப்பைக் கொண்டு சோதிக்க வேண்டியதில்லை.

சிறியதாகவும் ஆழமானதாகவும் உள்ள தலைப்புக்கள் எம்மைச் சுற்றியே கிடக்கின்றன. ஒன்றைக் கூறுவோம். புலம்பெயர்ந்த தமிழரின் பத்திரிகைகளும் மலர்களும் நினைவுநூல்களும் நெடுங்காலம் பாமினி என்ற எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்யப்பட்டன. அது ஆங்கில எழுத்துக்களின் இடத்திற் தமிழ் வடிவங்களை வைத்த ஓர் ஏற்பாடு. அக்கோப்புகளை இன்று திறந்தால் ஆங்கில எழுத்துக்கள் பொருளின்றி இறைந்து கிடக்கின்றன. ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உண்டு. ஆனால் அவை எல்லா இடத்திலும் சரியாக மாற்றுவதில்லை. 'கொ' என்று எழுத, பாமினியில் முதலிற் கொம்பு, பின்னர் 'க', அதன்பின் அரவு என்று பார்வைக்குத் தெரியும் ஒழுங்கில் தட்டுகிறோம். ஒருங்குறியிலோ முதலில் 'க', பின்னரே உயிர்க்குறி. இந்த இடமாற்றம் எளிது. 'ஔ'காரந்தான் வில்லங்கம். 'மௌனம்' என்பதிலுள்ள ஔகாரக் குறியின் பிற்பாதியும் 'ள' என்ற எழுத்தும் பாமினியில் ஒரே விசை. ஆகவே கொம்பு, 'ம', 'ள' என்று மூன்றும் வரும்போது அது ஔகாரமா அல்லது எகரத்தின் பின் வந்த ளகரமா என்று கருவி தீர்மானிக்க வேண்டும். 'தெளிவு' என்பதில் ளகரத்தின் பின் விசிறி வருவதால் அங்கே அது மெய்யாகவே ளகரம். அடுத்து வரும் குறியைப் பார்க்க வேண்டும், அது போதாதவிடத்து அகராதியைப் பார்க்க வேண்டும், அதுவும் போதாதவிடத்து அந்தச் சொல் வரும் வசனத்தையே பார்க்க வேண்டும். 'தெளிவு' என்ற சொல்லையே தெளிவின்றி மாற்றிவிடும் கருவிகளை நாம் கண்டிருக்கிறோம். இவ்வளவையும் விதிகளாக்கி, ஆயிரம் பக்கங்களிற் சோதித்து, எத்தனை இடத்திற் பிழைத்தது, ஏன் பிழைத்தது என்று எழுதினால் அது எந்தப் பரீட்சகரும் மதிக்கும் ஒரு கணினியியற் செயற்றிட்டம். கருவிக்குக் காசு வேண்டியதில்லை. தமிழ் தெரிந்த பிள்ளைக்கு மாத்திரம் இயலக்கூடியது.

இலத்திரனியல் மாணவருக்கும் இவ்வாறே. 1990 களிற் பற்றரிகளுக்குத் தடை விதிக்கப்பட்டிருந்த யாழ்ப்பாணத்திற் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலி கேட்ட மக்கள் நாம். மிதியின் வேகம் ஏறி இறங்குகையில் மின்னழுத்தமும் ஏறி இறங்கும், செய்தி வாசிப்பவரின் குரலும் கூடவே மங்கும். அதனை நிலைப்படுத்தும் சுற்றொன்றை இன்று அளந்து, வரைபட்டு, ஆராய்வது எத்தனை நல்ல செயற்றிட்டம் என்று தாத்தாவிடம் கதை கேட்ட பேரனுக்குத் தோன்றக்கூடாதா?

2022 இன் இறுதியிலிருந்து இன்னொரு கேள்வியும் எழுந்துள்ளது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கேட்டவுடன் நிரலை எழுதித் தருகின்றன. அவ்வாறாயின் பணம் கொடுத்து வாங்குவது எதற்கு என்று வியாபாரிகளே கவலைப்படுகிறார்களோ தெரியாது. இவற்றைப் பயன்படுத்துவது பற்றிய விதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடுகிறது. அனுமதி உள்ள இடத்திற் பயன்படுத்தியதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். எமது அளவுகோல் பழையதுதான். பரீட்சகர் ஒரு வரியைத் தொட்டு 'இது ஏன் இங்கே?' என்று கேட்டால் மாணவருக்கு விடை தெரிய வேண்டும். இயந்திரம் எழுதியதோ மைத்துனர் எழுதியதோ, தரையைப் பார்க்கும் கண்கள் ஒன்றே.

பெற்றோரிடம் நாம் கேட்பது பணமன்று. ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரையான ஏழு மாதங்களுக்கு வாரத்தில் இரண்டு மாலைகளையும் ஒரு விடுமுறை நாளையும் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். சட்டத்தரணியிடம் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். மருத்துவமனையிலும் கேட்கலாம். அவை பலருக்குத் தெரியாத வசதிகள், ஆனால் உள்ளவை. கடை முதலாளிமார் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மாணவரின் வேலை நேரத்தைக் குறைத்துக் கொடுப்பது தம்மவர்க்குச் செய்யும் பேருதவி.

எமது பங்குக்கு ஒன்று கூறுகிறோம். இப்பத்திரிகையின் பழைய இதழ்களின் பாமினிக் கோப்புகள் எமது அலுவலகத்தில் நெகிழ்வட்டுக்களிலும் இறுவட்டுக்களிலும் பெட்டி பெட்டியாக உள்ளன. சில வட்டுக்கள் இன்னும் திறக்கின்றன, சில திறப்பதில்லை. மரண அறிவித்தல்களும் தனிப்பட்ட கடிதங்களும் நீங்கலாக, செய்திப் பக்கங்களையும் கட்டுரைகளையும் செயற்றிட்டத்துக்குப் பயன்படுத்த விரும்பும் மாணவருக்கு இலவசமாகத் தருவோம். மேற்பார்வையாளரின் கடிதத்துடன் வரவேண்டும். அடுத்த ஆண்டுக்கான தலைப்புக்கள் பெரும்பாலான துறைகளில் ஒக்டோபர் மாதத்தில் முடிவாகிவிடும். அதற்கு முன்னர், கோடை விடுமுறையிலேயே வந்து வட்டுக்களைப் பார்ப்பது நல்லது.